ஏரியைத் தூர்வாரி நடைபாதை, கம்பி வேலி போடுறாங்க. மேய்ச்சல், வண்டல், மீன் எல்லாம் நின்னுபோகுமா?

காரிமங்கலம் ஆயக்கட்டு எழுதியது:

வணக்கம். தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் வட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய ஏரி. நீர்ப்பரப்பு 38 ஏக்கர், ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் வயல்) 62 ஏக்கர், தூம்பு (வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு) ஒன்று, கோடி (உபரி நீர் வழிந்து வெளியேறும் கல்கட்டு) ஒன்று. ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியில் வேலை நடக்கப்போகிறது. திட்டம் இப்படி: ஏரி முழுவதும் 2 மீட்டர் ஆழப்படுத்துவது, எடுத்த மண்ணால் நாலு பக்கமும் கரை போட்டு அதன் மேல் நடைபாதை, உள்பக்கம் சிமெண்டில் கல் பதிப்பது, சுற்றிலும் கம்பி வேலி, நடுவில் பறவைகளுக்கு ஒரு திட்டு.

ஊரில் ஆளுக்கொரு பேச்சு. தண்ணீர் அதிகம் நிற்கும் என்று ஆயக்கட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம். ஆடுமாடு வைத்திருப்பவர்கள் வேலி வந்தால் எங்கே ஓட்டுவது என்கிறார்கள். மீன்பாசி குத்தகை எடுப்பவருக்குப் பறவைத் திட்டு பிடிக்கவில்லை. போதாததற்கு, "ஈரநிலம்னு அறிவிச்சுட்டா ஏரியில கால் வைக்க முடியாது, வண்டல்கூட அள்ள முடியாது" என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அடுத்த மாதம் கிராம சபை. என்ன கேட்கலாம், எதை மாற்றச் சொல்லலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புலப்படம் எழுதியது:

சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

ஈரநிலங்கள் பாதுகாப்பு, மேலாண்மை விதிகள் 2017-ல் வந்தவை. பாசனத்துக்கென்றே வெட்டிய நீர்நிலைகள், குடிநீருக்கென்று கட்டியவை, நெல் வயல்கள், ஆற்றுப் போக்கு ஆகியவை இந்த விதிகளின் வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. ஆக, ஒன்றிய ஏரி தானாக இந்த விதிக்குள் வந்துவிடாது. அதே 2017-ல் உச்ச நீதிமன்றம், நாட்டின் ஈரநிலக் கணக்கெடுப்பில் 2.25 எக்டேருக்கு மேல் பதிவான 2,01,503 நீர்நிலைகளையும் முந்தைய 2010 ஈரநில விதிகளின் கொள்கைப்படி காக்கச் சொல்லியிருக்கிறது. உங்கள் 38 ஏக்கர் என்பது சுமார் 15 எக்டேர். அந்தப் பட்டியலில் உங்கள் ஏரி இருக்கிறதா என்பதை மாவட்ட நிர்வாகத்தில் எழுதிக் கேளுங்கள்.

இருந்தால்கூட மேய்ச்சலுக்கோ வண்டலுக்கோ ஈரநில விதிகள் முழுத் தடை போடவில்லை. 2017 விதிகள் தடுப்பவை: ஆக்கிரமிப்பு, தொழிற்சாலை, குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவைத் திறந்துவிடுவது, வேட்டை, விதிகள் வந்ததற்கு முந்தைய 10 ஆண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம். கவனியுங்கள், ஊர் பயப்படும் விஷயம் இதில் இல்லை. ஆனால் கம்பெனி போட நினைக்கும் நடைபாதையும் சிமெண்ட் கல் பதிப்பும் இந்தக் கடைசி வரியில் மாட்டலாம்.

சரணாலயம் என்பது வேறு சட்டம், 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதற்குத் தனி அறிவிக்கை வேண்டும், உரிமைகளை விசாரித்து முடிவு செய்யும் நடைமுறையும் உண்டு. ஒரு திட்டு போட்டதால் யாரும் சரணாலயம் ஆக்கிவிட முடியாது. வேடந்தாங்கலே இன்றைக்கும் பாசன ஏரிதான். அங்கே பறவையைச் சுட வந்தவர்களைத் தடுக்க, 1798-ல் கலெக்டரிடம் எழுத்து வாங்கியது ஊர்க்காரர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அனுபவம்.

கிராம சபைக்கு முன் இவை கையில் இருக்க வேண்டும்: அ-பதிவேட்டு (சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள வருவாய்ப் பதிவேடு) நகல், புல வரைபடம், ஆயக்கட்டுப் பட்டியல், கோடியின் நீளமும் மட்டமும், வரத்து வாய்க்கால் எந்தெந்த சர்வே எண்களில் போகிறது என்ற விவரம். வட்ட நில அளவரை வைத்து ஏரியையும் வாய்க்காலையும் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள். ஏரியை மட்டும் அளந்து கல் நட்டுவிட்டு வாய்க்காலை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் வரும் வழி அடைபட்டால் 2 மீட்டர் தோண்டியும் பயன் கிடையாது.

இன்னொன்று: 40 எக்டேர், அதாவது 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு ஒன்றியத்துக்கு, அதற்கு மேல் நீர்வளத்துறைக்கு. உங்கள் ஏரியின் பராமரிப்புக்குப் பிறகு பதில் சொல்ல வேண்டியது ஒன்றியம்தான். கம்பெனி ஒரு வருடத்தில் போய்விடும்.

மதகடி எழுதியது:

இந்தத் திட்டத்தில் என்னைப் பதற வைப்பது இரண்டு விஷயம்: 2 மீட்டர், நாலு பக்கக் கரை.

முதலில் கணக்கு. 38 ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,54,000 சதுர மீட்டர். 2 மீட்டர் தோண்டினால் 3 லட்சம் கன மீட்டருக்கு மேல் மண். டிராக்டருக்கு 3 கன மீட்டர் வைத்தால் ஒரு லட்சம் நடை. விவசாயிக்கு இலவசமாக வண்டல் எடுக்க அனுமதிக்கும் அளவு நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 நடை. புன்செய்க்கு 90 கன மீட்டர், 30 நடை. உங்கள் ஆயக்கட்டு 62 ஏக்கரும் முழு அளவு எடுத்தாலும் 1,550 நடைதான். ஏரி முழுக்கப் பரப்பிப் பார்த்தால் அது வெறும் 3 சென்டிமீட்டர் ஆழம். கரைக்குப் போனது போக மீதி மண் எங்கே போகும் என்று கிராம சபையில் கேளுங்கள். வண்டல் தீர்ந்த பிறகு கீழே இருப்பது கிராவல். அது லாரியில் போகிற சரக்கு.

வண்டல் எவ்வளவு என்பதை ஊரே பார்த்துவிடலாம். ஏரி வற்றியதும் எட்டு இடத்தில் இடுப்பளவு குழி வெட்டுங்கள்: வரத்து வாய்க்கால் வாயில் இரண்டு, நடுவில் மூன்று, கரைப்பக்கம் மூன்று. குழிச் சுவரில் கோடு தெளிவாகத் தெரியும். மேலே சாம்பலும் கறுப்புமாக இருப்பது வண்டல். ஈரத்தோடு ஒரு பிடி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கித் தள்ளினால் நாடா மாதிரி நீண்டு வரும், நகத்தால் தேய்த்தால் மினுங்கும். அதற்குக் கீழே செம்மண் நிறமோ மஞ்சளோ தட்டி, விரலில் நறநறவென்று படத் தொடங்கினால் அதுதான் ஏரியின் பழைய தரை. அங்கே நிறுத்த வேண்டும். அதைக் கிழித்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கும். ஏரி நிரம்பியும் இரண்டு மாதத்தில் வற்றும் ஊர்களில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளம் ஏரிக்குள் வந்ததும் மணலும் கரடும் வாய்க்கால் வாயிலேயே படிந்துவிடும், நல்ல களி வண்டல் கரையோரம் வரை வந்து படியும். விவசாயி கேட்பது அந்தக் களியைத்தான். ஆனால் கரையடியில் ஆழமாக வெட்டினால் கரை பலம் இழக்கும். கரை உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் விட்டுத்தான் வெட்டு தொடங்க வேண்டும். அந்த இடத்திலும் படிந்த வண்டலை மட்டும் சுரண்ட வேண்டும், பள்ளம் தோண்டக்கூடாது.

தூம்பின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. அது மாட்டுக்கும் மீனுக்கும் கீழ்க் கிணறுகளுக்கும் உதவும், வேண்டியதுதான். அதற்கு ஏரிப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு ஆழப் பகுதி இருந்தால் போதும். தர்மபுரிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஏரியில் தண்ணீர் நின்று இறங்கினால் கீழ்க் கிணறுகளில் மழைநீர் கலந்து அந்தச் செறிவு குறைய வழி உண்டு. அந்த ஒரு காரணத்துக்காகவே ஏரித் தரையை மரியாதையாக நடத்த வேண்டும்.

அடுத்து நாலு பக்கக் கரை. நம் ஏரிகள் மூன்று பக்கம் கரை, ஒரு பக்கம் திறப்பு. அந்தத் திறந்த பக்கம்தான் நீர்ப்பிடிப்பு. மேட்டிலிருந்து மழைத் தண்ணீர் பரவலாக வழிந்து உள்ளே வருவது அந்த வழியில். அங்கே கரை போட்டால் வாய்க்கால் கொண்டுவரும் தண்ணீர் மட்டும்தான் மிச்சம். கரைக்கு வெளியே தண்ணீர் தேங்கி மேட்டு நிலக்காரருக்குப் பயிர் சேதம், அவர் ஒரு ராத்திரி கரையை வெட்டிவிடுவார். இன்னும் மோசம், வெளியே தள்ளப்பட்ட ஏரி நிலம் நாலு வருடத்தில் வேலிக்குள் போய்விடும். நடைபாதை வேண்டுமென்றால் இருக்கிற கரைமேல் மண்பாதையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல் பதிப்பு கரையின் உள்சரிவில் நல்லதுதான், அலை அரிப்பைத் தடுக்கும். ஆனால் சிமெண்ட் பூசாமல், கீழே சரளை விரித்து, கல்லை அடுக்க வேண்டும். தண்ணீர் வேகமாக இறங்கும்போது கரைக்குள் ஊறிய நீர் வெளியே வர வழி வேண்டும். பூசி அடைத்தால் கல் வயிறு தள்ளிச் சரியும்.

காரிமங்கலம் ஆயக்கட்டு எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. கரையின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் எப்போதும் கசிவு இருக்கிறது. அதையும் சிமெண்ட் போட்டு அடைத்துவிடுவதாகச் சொல்கிறார்கள், சரியா?

மதகடி எழுதியது:

வெளிப்பக்கத்தில் அடைக்கவே கூடாது. அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் கசிவு நீரைப் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் வெறும் கசிவு. அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று பொருள், அன்றைக்கே ஒன்றியப் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். உடனடிக்குச் செய்வது: கசியும் இடத்தில் முதலில் மணல், அதன் மேல் சின்னச் சரளை, அதன் மேல் பெரிய கல் என்று ஒவ்வொன்றும் ஒரு சாண் கனத்துக்குப் போடுவது. தண்ணீர் வெளியே வரும், மண் வராது. நிரந்தர வேலை உள்பக்கத்தில்: ஏரி வற்றியதும் எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் விட்ட துளை எதுவென்று தேடி, அந்த இடத்தைப் படிப்படியாக வெட்டித் திறந்து, களிமண்ணை ஒரு சாணுக்கு மேல் போகாத அடுக்குகளாகப் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து ஏற்ற வேண்டும். பழைய மண்ணில் படி வெட்டாமல் சரிவிலேயே புது மண்ணைக் கொட்டினால் ஒட்டாது, முதல் நிரப்பில் வழுக்கி இறங்கும்.

கரைமேல் பெரிய மரம் வேண்டாம். வெளிச்சரிவின் அடியில் பனை போடுங்கள். உச்சியிலும் சரிவிலும் அறுகம்புல், வெட்டிவேர் போதும்.

நாமக்கோழி எழுதியது:

பறவைத் திட்டு பற்றி. நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள், ஆனால் பெரும்பாலான இடங்களில் அது வெறும் மண் கும்பலாகக் கிடக்கிறது. காரணம் மூன்று. சரிவு செங்குத்தாக இருந்தால் இரண்டு மழையில் கரைந்துவிடும்: ஒரு பங்கு உயரத்துக்கு மூன்று பங்கு நீளமாவது சரிவு வேண்டும். சுற்றிலும் தண்ணீர் வற்றிவிட்டால் நாய் நடந்தே போய் முட்டையைத் தின்னும்: கூடு கட்டும் காலம் முடியும்வரை சுற்றி ஒரு மீட்டராவது நீர் நிற்கும் இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவது, அழகுக்காக வைக்கும் மரங்கள். கொக்கு, நீர்க்காகம், வக்கா கூடு கட்ட நாட்டுக் கருவேல்தான் தோது. முள் காவல், கிளை குறுக்கும் நெடுக்குமாக இருக்கும், தண்ணீரில் மாதக்கணக்கில் நின்றாலும் சாகாது. கரையோர ஈரத்துக்கு நீர்மருது. ஏரிக்குள் ஏற்கெனவே கருவேல மரங்கள் இருந்தால் அவற்றில் இருபது முப்பதை ஏலம் விடாமல் விட்டாலே திட்டுக்குச் செலவே வேண்டாம்.

திட்டைவிட முக்கியம் ஓரம். உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் விரல் மூழ்கும் ஆழத்திலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குள்தான் மேயும். ஏரியைக் கிண்ணம் மாதிரி செங்குத்தாக வெட்டினால் அந்த ஓரம் போய்விடும். அதே ஓரத்தில்தான் தண்ணீர் இறங்க இறங்கப் புல் முளைக்கும், மாடு மேயும், பெண்கள் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் பறிப்பார்கள். செங்குத்தில் மாடு இறங்கினால் ஏற முடியாமல் சேற்றில் மாட்டும், குழந்தைகளுக்கும் ஆபத்து. பத்துக்கு ஒன்று என்ற சரிவை விடச்சொல்லுங்கள். பறவைக்கு நல்லதும் மாட்டுக்கு நல்லதும் இங்கே ஒரே கோரிக்கை. கிராம சபையில் மேய்ப்பவர்களும் பறவை பார்க்கிற பிள்ளைகளும் சேர்ந்து இதைக் கேட்கலாம்.

நெல்லுக்கு நீலத்தாழைக்கோழி தொந்தரவு தரும் என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஏரியை ஒட்டிய வயலில் நாற்று நட்ட முதல் மூன்று வாரம் காவல் தேவைப்படும். ஆனால் நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கினால் விரட்டாதீர்கள், அது தின்பது நத்தையை.

ஏரிக்கோடி எழுதியது:

மேய்ச்சலுக்கும் மீனுக்கும் வருகிறேன். வேலி போட்டால் ஏரி பிழைக்கும் என்பது தப்புக் கணக்கு. ஏரிக்குள் தினமும் இறங்குகிறவர்கள்தான் கரை கசிவதையும், இரவில் டேங்கர் வந்து கழிவை ஊற்றுவதையும் முதலில் பார்ப்பவர்கள். அவர்களை வெளியே நிறுத்தினால் பார்க்க ஆள் இல்லை. மாடு இறங்க ஒரு அகலச் சரிவுப் பாதை, துவைக்கும் இடம் தனியாக, கன்று நட்ட பகுதிக்கு மட்டும் இரண்டு வருடம் முள்வேலி. ஆடு கன்றைக் கடிக்கும் என்பதால் அந்த இரண்டு வருடம் அந்த மூலைக்கு ஓட்டாமல் இருக்க மேய்ப்பவர்களே ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்களைக் கேட்காமல் போட்ட வேலி நிற்காது.

சீமைக் கருவேலம் எடுப்பதாக இருந்தால் தரைமட்டத்தில் வெட்டி விடாதீர்கள், நாலு மடங்காகத் துளிர்க்கும். அடித்தூரோடு ஒரு அடி ஆழம் பறிக்க வேண்டும். காய் பழுக்கும் முன் எடுங்கள். பழுத்த காயை ஆடுமாடு தின்றால் விதை சாணத்தோடு எங்கும் போகும். விறகை நம்பும் குடும்பங்கள் உண்டு. ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் அழிக்காமல் மூன்று பகுதியாகப் பிரித்து, விறகை அவர்களே எடுத்துக்கொள்ள விடுங்கள். பறித்த இடத்தைக் காலியாக விட்டால் அடுத்த மழையில் மறுபடி முளைக்கும். வருடம் ஒரு முறை நாற்றாக இருக்கும்போதே பிடுங்குவது லேசு.

மீன்பாசி ஏலத்தில்தான் ஊர்ச் சண்டை. நிபந்தனைகளை ஏலத்துக்கு முன் தீர்மானமாக எழுதிவிடுங்கள். தூம்பு திறப்பது ஆயக்கட்டுச் சங்கமும் நீர்க்கட்டியும் (வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் ஊர்ப் பணியாள்) மட்டும், மீன் பிடிக்கத் தண்ணீரை இறக்கக்கூடாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும்போதே கடைசி இழுவை முடிய வேண்டும், மிச்சத் தண்ணீர் மாட்டுக்கு. கோழிக் கழிவு கொட்டக்கூடாது. ஆப்பிரிக்கன் கெளுத்தி விடவே கூடாது, அது தடை செய்யப்பட்டது, விரால், கெண்டை எல்லாவற்றையும் காலி செய்துவிடும். தூண்டில் போட ஊராருக்கு உரிமை. குஞ்சு எக்டேருக்கு 2,000 முதல் 3,000 விட்டால் போதும், விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சாக விட்டால் நீர்க்காகம் தின்னும் சேதம் குறையும். வெடி போட்டு விரட்டத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட, கோடியில் வலை கட்டுவது. மீன் வெளியே போகாமல் குறுக்கே சின்னக் கண்ணி வலையைக் கட்டிவிடுகிறார்கள். வெள்ளத்தில் வெங்காயத்தாமரையும் சருகும் வந்து அதில் அடையும், ஒரு மணி நேரத்தில் வலை சுவராகிவிடும், தண்ணீர் கோடிக்கு மேல் ஏறிக் கரையைத் தாண்டும். மண் கரை மேல் தண்ணீர் வழிந்தால் உடைந்த மாதிரிதான். 2024 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை, வண்டிகள் அடித்துப்போனதை எல்லோரும் பார்த்தோம். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் அவ்வளவு விழுந்தால் 5 லட்சம் கன மீட்டர். உங்கள் ஏரி சராசரி ஒன்றரை மீட்டர் நின்றால் கொள்ளளவே 2.3 லட்சம்தான். கோடி திறந்தும் அகலமாகவும் இருந்தாக வேண்டும், கோடிக்குக் கீழே போகும் வாய்க்காலும் ஆக்கிரமிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். தண்ணீர் அதிகம் தேக்கலாம் என்று கோடியை ஒரு வரி கல் உயர்த்தச் சொல்பவர்கள் இருப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கோடி போகிற அன்று கிடா வெட்டிக் கும்பிடுகிற ஊர்கள் இவை. அந்தக் கோடியை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை.

தென்பெண்ணை எழுதியது:

ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை மட்டும். வண்டல் எல்லாம் உரம் இல்லை. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், பெங்களூருவின் கழிவு தென்பெண்ணையில் வருவதால் அது. ஊர்ச் சாக்கடையோ தொழிற்சாலை நீரோ சேரும் ஏரியின் வண்டலைச் சோதிக்காமல் வயலில் போடாதீர்கள். வெங்காயத்தாமரை அடர்ந்திருந்தாலே கழிவு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஏரியின் வெங்காயத்தாமரையை மட்க வைத்துக் கீரைக்குப் போடுவதும் வேண்டாம், அது உலோகங்களை இழுத்து வைத்துக்கொள்ளும் செடி.

மண் மாதிரி எடுக்க: ஆறு ஏழு இடத்தில் ஒரு சாண் ஆழம் வரை எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ துணிப்பையில். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ கேளுங்கள். உப்புத்தன்மையும் கார அமிலமும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் சித்திரை, வைகாசியில் அடித்துப் பரப்பி, கட்டி வெயிலில் வெடித்து உதிர்ந்த பிறகு உழவு. 25 நடையையும் ஒரே வருடம் கொட்டினால் செம்மண் மேல் இரண்டு சென்டிமீட்டர் களி மூடி, மழையில் இறுகி விதை முளைக்காது. இரண்டு வருடமாகப் பிரித்துப் போடுங்கள்.

காரிமங்கலம் ஆயக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நில அளவைக்கு மனு கொடுக்கிறோம், ஏரி வற்றிக் கிடப்பதால் இந்த வாரமே எட்டுக் குழி வெட்டிவிடலாம். முழு நீர்மட்டம் எதுவரை என்று கம்பெனிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். தண்ணீர் இல்லாதபோது அதை எப்படிக் குறிப்பது?

மதகடி எழுதியது:

கோடியின் கல் உச்சிதான் முழு நீர்மட்டம். 20 மீட்டர் ஒளி ஊடுருவும் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கோடிக் கல்லில் பிடித்து, மறுமுனையில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் முளை அடியுங்கள். அந்த முளையிலிருந்து அடுத்தது. மேட்டுப் பக்கம் முழுக்க இப்படி முளை அடித்துச் சுண்ணாம்பு போட்டால் ஒரு நாள் வேலை. கடைசி முளையிலிருந்து திரும்பவும் கோடிக்கே வந்து சரிபாருங்கள், இரண்டு விரல் அளவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் குழாயில் குமிழி இருந்திருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டும். அந்தக் கோட்டைப் படம் எடுத்து மனுவோடு இணையுங்கள்.